குறைந்த மின்சாரம், குறையாத பணி

 

இன்று காலை இவ்விழாவுக்குப் புறப்படும் முன்னர் ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டிலும் கைப்பேசி கையில் எடுக்கப்பட்டிருக்கும். ஒருவர் தொடர்வண்டிச் சீட்டைச் சரிபார்த்திருப்பார்; மற்றொருவர் கடைக்காரருக்குப் பணம் செலுத்தியிருப்பார்; வேறொருவர் பேரக்குழந்தையின் படத்தை உறவினர்க்கு அனுப்பியிருப்பார். இவற்றுள் எந்தப் பணியும் கைப்பேசிக்குள்ளேயே முடிந்துவிடுவதில்லை. எங்கோ ஒரு பெருங்கட்டடத்தில் அடுக்கடுக்காக நிறுத்தப்பட்டிருக்கும் சர்வர் கணினிகளே கேட்டதைப் பெற்று, கணக்கைப் பார்த்து, விடையை அனுப்புகின்றன. அக்கட்டடத்துக்குத் தரவு மையம் என்று பெயர். சென்னையை அடுத்த சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் இத்தகைய மையங்கள் எழுந்துள்ளன.

இம்மையங்கள் இரவு பகல் பாராது மின்சாரத்தை எடுத்துக்கொள்பவை. ஒரு சர்வர் இடைவிடாது 300 வாட் எடுத்துக்கொள்வதாகக் கொண்டால், ஓராண்டில் அதன் கணக்கு 2,628 யூனிட் ஆகும். அதனைக் குளிர்விக்கும் செலவு இதில் சேரவில்லை. பன்னாட்டு ஆற்றல் முகமையின் கணக்குப்படி 2024ஆம் ஆண்டில் உலகத் தரவு மையங்கள் அனைத்தும் சேர்ந்து பயன்படுத்திய மின்சாரம் ஏறத்தாழ 41,500 கோடி யூனிட். உலக மின் பயன்பாட்டில் இது 1.5 விழுக்காடு. 2030இல் இது 94,500 கோடி யூனிட்டை நெருங்கும் என்றும் அம்முகமை மதிப்பிட்டுள்ளது.

மின்சாரத்தைக் குறைப்பது மட்டுமே நோக்கமாயின் வழி எளிது, பொத்தானை அணைத்துவிடலாம். ஆனால் அணைத்த சர்வரில் ஒரு மருத்துவமனையின் நோயாளிக் குறிப்பு இருக்கலாம்; ஒரு மாணவனின் தேர்வு முடிவு இருக்கலாம். ஆகவே, பணி சிறிதும் குறையாமல் மின்சாரத்தைக் குறைப்பது எவ்வாறு என்பதே பொறியாளர்கள் முப்பது ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் வினா.

சும்மா இருப்பதற்கான செலவு

2007ஆம் ஆண்டு டிசம்பரில் கூகுள் நிறுவனத்தின் பொறியாளர்களான லூயிஸ் ஆந்த்ரே பரோசோ, உர்ஸ் ஹோல்ஸ்லே ஆகிய இருவரும் ஒரு சிறு கட்டுரையை வெளியிட்டனர். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சர்வர்களை ஆறு மாதங்கள் கவனித்ததன் முடிவு அதில் இருந்தது. பெரும்பாலான நேரம் அந்தச் சர்வர்கள் தம் முழுத் திறனில் 10 முதல் 50 விழுக்காடு வரையே உழைத்தன. முழுமையாகச் சும்மா இருந்த நேரமும் குறைவு. முழுமூச்சாக உழைத்த நேரமும் குறைவு. ஆனால், சிக்கனமானது என்று பெயர்பெற்ற சர்வர்கூட ஏறக்குறைய ஒரு வேலையும் இல்லாதபோதும் முழு மின்சாரத்தில் பாதியை எடுத்துக்கொண்டது.

ஓர் உணவகத்தில் பத்து அடுப்புகள் எரிகின்றன. இரண்டு பேர் மட்டுமே உண்ண வந்திருக்கின்றனர். எரிபொருள் செலவில் பாதி, சமைக்காத அடுப்புகளுக்கே போகிறது. அன்றைய சர்வர்களின் நிலை இதுவே. காரணம், கணக்கிடும் பிராசசர் மட்டுமன்று. பிராசசர் வேலை குறைந்தபோது தன் மின் தேவையை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கிக்கொள்ளக் கற்றிருந்தது. நினைவகமோ பாதிக்குக் கீழே இறங்கவில்லை. வன்தட்டு நான்கில் ஒரு பங்கே குறைத்தது. வலையமைப்புச் சாதனம் அதனினும் குறைவாகவே குறைத்தது. தரவு வந்தாலும் வராவிட்டாலும் அவை விழித்தே இருந்தன.

வேலைக்கு ஏற்ற அளவில் மட்டுமே மின்சாரம் எடுக்கும் கணினி வேண்டும் என்பது அவ்விருவரின் கோரிக்கை. ஓய்வில் மிகக் குறைவாகவும், ஓட்டத்தில் மிகுதியாகவும் ஆற்றலைச் செலவிடும் மனித உடலை அவர்கள் உவமையாகக் காட்டினர். அதே ஆண்டின் இறுதியில் ஸ்பெக் என்னும் அமைப்பு, சர்வரை முழுச் சுமையில் மட்டும் அளவிடாமல், பத்துப் பத்து விழுக்காடாகச் சுமையைக் குறைத்து ஒவ்வொரு படியிலும் மின்சாரத்தை அளக்கும் முறையை வெளியிட்டது. சும்மா இருக்கும் செலவு எழுத்தில் வந்து, விற்பனைக்கு வரும் சர்வர்களை ஒப்பிடும் அளவுகோலும் ஆயிற்று. அதன் பின்னர் வந்த சர்வர்களில் அச்செலவு கணிசமாகக் குறைந்தது.

வேகத்தைத் தாழ்த்துதல்

பிராசசரின் மின் செலவுக்கு ஓர் எளிய விதி உண்டு. அதன் உழைப்பில் செலவாகும் மின்திறன், கடிகார வேகத்தோடும் மின்னழுத்தத்தின் இருமடியோடும் சேர்ந்து ஏறும். வேகத்தைக் குறைத்தால் மின்னழுத்தத்தையும் குறைக்கலாம். இரண்டையும் 20 விழுக்காடு குறைப்பதாகக் கொள்வோமாயின், மின்திறன் ஏறத்தாழ 51 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. அதே வேலை முடிய நேரம் 25 விழுக்காடு கூடும். நேரம் கூடியதையும் சேர்த்துப் பெருக்கினால், அவ்வேலைக்கான மொத்த ஆற்றல் 64 விழுக்காடு. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மிச்சம்.

1994ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தைச் சேர்ந்த மார்க் வைசரும் அவருடன் பணியாற்றியோரும் இக்கருத்தை இயங்குதளத்தின் பொறுப்பாக்கலாம் என்று காட்டினர். விரைந்து ஓடி முடித்துவிட்டுக் காத்திருப்பதைவிட, உரிய நேரத்துக்குள் முடியுமாறு நிதானமாக நடப்பதே சிக்கனம் என்பது அவர்கள் கண்ட முடிவு. இன்று லினக்ஸ் இயங்குதளம் நொடிக்குப் பலமுறை சுமையைப் பார்த்துப் பிராசசரின் வேகத்தை ஏற்றியும் இறக்கியும் வருகிறது.

எனினும் இவ்விதி எல்லா இடத்திலும் செல்லாது. வேலை செய்யாதபோதும் சிலிக்கான் சில்லில் சிறிது மின்னோட்டம் கசிந்துகொண்டே இருக்கும். நினைவகம், விசிறி முதலியவையும் பிராசசர் மெதுவாக நடக்கும் நேரம் முழுவதும் விழித்திருக்க வேண்டும். ஆகவே சில வேலைகளில் மெதுவாக நடப்பது சிக்கனம். சிலவற்றில் விரைந்து முடித்து ஆழ்ந்து உறங்குவதே சிக்கனம். எது எங்கே பொருந்தும் என்பதை அளந்து பார்த்தே அறிய வேண்டும். ஊகத்தால் முடிவு செய்யலாகாது.

ஒரு கூரையின் கீழ்

பத்துச் சர்வர்கள் ஒவ்வொன்றும் பத்தில் ஒரு பங்கு உழைப்பதைவிட, இரண்டு சர்வர்கள் பாதியளவு உழைத்து, மற்ற எட்டும் அணைந்திருப்பது நன்று. இதற்கு வழி காட்டியது மெய்நிகர் கணினி என்னும் முறை. ஒரே இயந்திரத்துக்குள் பல கணினிகள் தனித்தனியே இருப்பது போன்ற அமைப்பை ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே உருவாக்கியது. எளிய சர்வர்களுக்கு அம்முறையை விஎம்வேர் நிறுவனமும், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஜென் மென்பொருளும் கொண்டுவந்தன. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மெய்நிகர் கணினியை நிறுத்தாமலேயே வேறொரு இயந்திரத்துக்கு மாற்றுவதும் இயன்றது. 2005இல் ஜென் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பலர் ஒரே நேரத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒரு கணினி விளையாட்டின் சர்வரையே இடம் மாற்றினர். தடைப்பட்ட நேரம் ஒரு நொடியில் பதினாறில் ஒரு பங்கு அளவே. ஆடியவர்கள் தொடர்ந்து ஆடினர்.

பேஸ்புக் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ஒரு கணக்கு இதனைத் தெளிவாக்கும். அந்நிறுவனத்தின் வலைச் சர்வர் ஒன்று, கோரிக்கை எதுவும் வராதபோது ஏறத்தாழ 60 வாட் எடுத்தது. சிறிதளவு கோரிக்கை வந்தவுடனே அது 130 வாட்டுக்குத் தாவியது. நடுத்தரச் சுமையிலோ 150 வாட் மட்டுமே. அதாவது, சிறு வேலைக்கும் நடுத்தர வேலைக்கும் இடையே வேறுபாடு 20 வாட். ஒன்றுமில்லாமைக்கும் சிறு வேலைக்கும் இடையே 70 வாட். சிறு வேலை செய்யும் இரு சர்வர்கள் 260 வாட் எடுக்கும். அவ்வேலையை ஒன்றன்மேல் ஏற்றி, மற்றொன்றை ஓய்வில் விட்டால் 210 வாட் போதும்.

பழைய முறையில் கோரிக்கைகள் எல்லாச் சர்வர்களுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டன. சமமாகப் பங்கிடுவது நீதியாகத் தோன்றினும், நள்ளிரவில் எல்லாச் சர்வர்களையும் அரைத்தூக்கத்தில் வைத்திருந்தது அதுவே. புதிய முறை, இயங்கும் சர்வர்கள் நடுத்தரச் சுமையை அடையும் அளவுக்கு மட்டுமே எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, எஞ்சியவற்றை ஓய்வில் விட்டது. நள்ளிரவை ஒட்டி 27 விழுக்காடு வரை மின்சாரம் மிச்சமாயிற்று. நெரிசல் மிகுந்த நேரத்தில் மிச்சம் ஏதும் இல்லை. நாள் முழுவதுக்கும் சராசரி பார்த்தால் 10 முதல் 15 விழுக்காடு. ஒரு புதிய இயந்திரமும் வாங்காமல், வேலையைப் பங்கிடும் முறையை மட்டும் மாற்றியதால் கிடைத்த பயன் இது.

எல்லையை அறிதல்

அவ்வாறாயின் ஒவ்வொரு சர்வரையும் நூறு விழுக்காடு உழைக்க வைக்கலாகாதா என்ற வினா எழும். இங்கேதான் பணியின் தரம் குறுக்கே நிற்கிறது. சுமை ஏற ஏற வரிசை நீளும். வரிசை நீள நீளச் சில கோரிக்கைகள் நெடுநேரம் காத்திருக்கும். சராசரி நேரம் நன்றாகவே தோன்றும். அந்தச் சராசரியில் மறைந்திருப்போர் துன்புறுவர்.

ஜெஃப் டீன் என்பாரும் பரோசோவும் 2013இல் இதற்கு ஒரு கணக்கைக் காட்டினர். ஒரு சர்வர் நூற்றில் ஒரு கோரிக்கைக்கு மட்டுமே ஒரு நொடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது என்போம். ஒரு தேடலுக்கு அத்தகைய நூறு சர்வர்களின் விடை வேண்டும் என்றால், நூற்றில் 63 தேடல்கள் ஒரு நொடிக்கு மேல் காத்திருக்கும். ஒவ்வொருவரும் நூற்றில் ஒருமுறை மட்டுமே தாமதித்தாலும், நூறு பேரை எதிர்பார்க்கும் விருந்து பெரும்பாலும் தாமதமாகவே தொடங்கும் அன்றோ? ஆகவே மின்சாரத்தை மிச்சப்படுத்தும் எந்த மாற்றத்தையும் செய்யுமுன்னும் செய்தபின்னும், சராசரியை அன்றி, நூறில் மிகத் தாமதமான அந்த ஒன்றை அளந்து பார்ப்பதே முறை. அது கெடாதிருந்தால் மட்டுமே சிக்கனம் உண்மையானது.

இச்சிக்கலுக்கும் ஒரு தீர்வு உண்டு. வேலைகள் யாவும் ஒரே அவசரம் உடையவை அல்ல. தேடலுக்கு விடை உடனே வேண்டும். மாதக் கணக்கைத் தொகுக்கும் பணி விடிவதற்குள் முடிந்தால் போதும். அவசரப் பணிக்கென ஒதுக்கிய இயந்திரத்தில் எஞ்சிய இடத்தை அவசரமில்லாப் பணிக்குக் கொடுத்து, நெரிசல் வந்தவுடன் அதனை விலக்கிக்கொள்ளலாம். கூகுளின் போர்க் என்னும் மேலாண்மை மென்பொருள் இவ்வாறே இயங்குகிறது. இருவகைப் பணிகளையும் வெவ்வேறு இயந்திரங்களில் பிரித்து வைத்திருந்தால் 20 முதல் 30 விழுக்காடு வரை கூடுதல் இயந்திரங்கள் தேவைப்பட்டிருக்கும் என்று 2015இல் அந்நிறுவனத்தார் தெரிவித்தனர். வாங்காத இயந்திரமே மிகக் குறைந்த மின்சாரம் எடுக்கும் இயந்திரம்.

காற்றும் கட்டடமும்

சர்வருக்குள் செல்லும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகிறது. அவ்வெப்பத்தை வெளியேற்ற மேலும் மின்சாரம் வேண்டும். கட்டடம் எடுக்கும் மொத்த மின்சாரத்தைச் சர்வர்கள் எடுக்கும் மின்சாரத்தால் வகுத்து வரும் எண்ணைப் பொறியாளர்கள் அளவுகோலாகக் கொள்கின்றனர். அது 2 என்றால், கணக்கிட ஒரு யூனிட்டும் குளிர்விப்பு முதலியவற்றுக்கு இன்னொரு யூனிட்டும் செலவாகிறது என்பது பொருள். அப்டைம் நிறுவனத்தின் ஆய்வுகளில் 2007இல் 2.5 என இருந்த சராசரி, அண்மை ஆண்டுகளில் 1.6க்குச் சற்றுக் கீழே இறங்கியுள்ளது. கூகுளின் மையங்களில் அது ஏறத்தாழ 1.1.

இதில் கையாளப்பட்ட வழிகள் பெரும்பாலும் எளியவை. சர்வர்களின் முன்புறத்துக் குளிர்காற்றும் பின்புறத்து வெப்பக்காற்றும் கலவாமல் தடுப்பு அமைத்தனர். அறையைப் பனிக்கட்டிபோல் வைத்திருக்கும் பழக்கத்தைக் கைவிட்டனர். ஆஷ்ரே எனப்படும் அமெரிக்கப் பொறியாளர் சங்கம், சர்வருக்குள் புகும் காற்று 18 முதல் 27 பாகை செல்சியஸ் வரை இருக்கலாம் என்று 2008இல் பரிந்துரைத்தது. விசிறியின் விதியும் துணைபுரிந்தது: விசிறி எடுக்கும் மின்திறன் அதன் வேகத்தின் மும்மடியோடு ஏறும். வேகத்தைப் பாதியாக்கினால் மின்திறன் எட்டில் ஒரு பங்காகும். ஆனால் அறையின் வெப்பத்தை அளவுக்கு மேல் உயர்த்தினால், சர்வருக்குள்ளிருக்கும் சிறு விசிறிகள் விரைந்து சுழலத் தொடங்கி, மிச்சத்தை விழுங்கிவிடும்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துப் பிரைன்வில் நகரில் 2011இல் திறக்கப்பட்ட பேஸ்புக் மையம், குளிரூட்டும் பெரும் பொறிகள் இல்லாமல், வெளிக்காற்றையும் நீராவியாதலையும் கொண்டே இயங்கியது. அங்கே மேற்கூறிய எண் 1.07. அது வறண்ட, குளிர்ந்த நிலம். சென்னையின் வெப்பத்துக்கும் ஈரக்காற்றுக்கும் அவ்வழி அப்படியே பொருந்தாது. நீரை ஆவியாக்கிக் குளிர்விப்பது மின்சாரத்தை மிச்சப்படுத்தித் தண்ணீரைச் செலவிடுகிறது என்பதையும் கோடையில் குடத்துடன் காத்திருந்த நகரம் மறத்தலாகாது.

எழுதும் கையின் பொறுப்பு

மென்பொருள் எழுதும் இளைஞர்கள் இக்குடும்பங்களில் பலர் உள்ளனர். அவர்களுக்கு ஒரு செய்தி. 2020இல் சார்லஸ் லைசர்சன் முதலிய ஆய்வாளர்கள், 4,096 வரிசையும் 4,096 நிரலும் கொண்ட இரண்டு எண் அணிகளைப் பெருக்கும் கணக்கை எடுத்துக்கொண்டனர். பைத்தான் மொழியில் எளிய முறையில் எழுதியபோது அக்கணக்கு முடிய ஏறத்தாழ 7 மணி நேரம் ஆயிற்று. சி மொழியில் எழுதியபோது 9 நிமிடம். பிராசசரின் எல்லாப் பகுதிகளையும் சேர்ந்து உழைக்கச் செய்து, தரவைப் பிராசசரின் அருகிலேயே வைத்துக்கொள்ளுமாறு திருத்தி எழுதியபோது, அதே இயந்திரத்தில் அரை நொடிக்கும் குறைவு. ஏறத்தாழ அறுபதாயிரம் மடங்கு வேறுபாடு. எல்லா நிரலிலும் இவ்வளவு கிடைக்காது. ஆயினும், இயந்திரத்தைக் குறை கூறுமுன் எழுதிய நிரலைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது போதிய சான்று. இவ்வழியில் சிக்கனமும் வேகமும் ஒன்றையொன்று எதிர்ப்பதில்லை. இரண்டும் ஒரே முயற்சியின் பயன்கள்.

சேமிப்பு எங்கே செல்கிறது?

இவ்வளவு திறமையின் விளைவு என்ன? எரிக் மசானெட் முதலியோர் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கும் 2018க்கும் இடையே உலகத் தரவு மையங்கள் செய்த கணினிப் பணி ஆறரை மடங்கானது. அவை எடுத்த மின்சாரமோ 6 விழுக்காடு மட்டுமே கூடியது. பொறியியல் வரலாற்றில் பெருமைக்குரிய சாதனை இது.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. செயற்கை நுண்ணறிவுக்கென மிகுந்த மின்சாரம் எடுக்கும் சர்வர்கள் வந்தன. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் கணக்குப்படி, அமெரிக்கத் தரவு மையங்களின் மின் பயன்பாடு 2014இல் 5,800 கோடி யூனிட்டாக இருந்து 2023இல் 17,600 கோடி யூனிட் ஆயிற்று. அந்நாட்டு மின்சாரத்தில் 4.4 விழுக்காடு.

1865இல் இங்கிலாந்தின் பொருளியலறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் நிலக்கரியைக் குறித்து இதையே எச்சரித்தார். நீராவி எந்திரம் சிக்கனமானபோது நிலக்கரிப் பயன்பாடு குறையவில்லை. எந்திரம் மலிவாகிப் பெருகியதால் பயன்பாடு கூடியது. திறமை செலவைக் குறைக்கும். குறைந்த செலவு ஆசையைக் கூட்டும். எவ்வளவு வேண்டும் என்ற வினாவுக்குப் பொறியியல் விடை கூறாது. அவ்வினா பயன்படுத்துவோரிடமே நிற்கிறது.

இல்லத்திலும் அலுவலகத்திலும்

ஜொனாதன் கூமியும் அவருடைய துணை ஆய்வாளரும் 2015இல் ஆராய்ந்த சர்வர்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு, ஆறு மாதங்களுக்கும் மேலாக யாருக்கும் எப்பணியும் செய்யாமல் மின்சாரம் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தன. யாருடையது என்று எவருக்கும் தெரியாததால் அணைக்க எவரும் துணியவில்லை. இத்தகைய இயந்திரம் பெரிய மையங்களில் மட்டும் இருப்பதன்று. பள்ளிகளிலும், அச்சகங்களிலும், தணிக்கையாளர் அலுவலகங்களிலும், அறையின் மூலையில் பழைய சர்வர் ஒன்று ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம்.

சிறு நிறுவனம் நடத்துவோர் செய்யத்தக்கவை சில. இருக்கும் சர்வர்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் பெயரை எழுதி வைத்தல். மின் அளவியைப் பொருத்தி ஒரு வாரம் அளத்தல். பயனற்றதை, தரவைப் பாதுகாப்பாகப் படியெடுத்த பின்னர், அணைத்தல். இரண்டு மூன்று பழைய இயந்திரங்களின் பணியை ஒன்றில் சேர்த்தல். சர்வர் அறையின் குளிர்சாதனத்தை 18 பாகையில் வைத்திருந்தால், சர்வருக்குள் புகும் காற்றை அளந்துகொண்டே படிப்படியாக உயர்த்துதல். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் பணியின் வேகம் கெட்டதா என்று பார்த்தல். ஒரு நாளில் எல்லாம் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு மாற்றமாகச் செய்து அளந்தால்தான் எது பயன் தந்தது என்பது தெரியும்.

இல்லத்தாரும் பங்கு கொள்ளலாம். ஒரே படத்தின் பத்துப் பிரதிகளும் எங்கோ ஓர் இயந்திரத்தில் இடம் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சிறு திரையில் பார்க்கும் காணொளிக்கு மிக உயர்ந்த தெளிவு வேண்டியதில்லை. ஒருவர் விடுவதால் பெரும் மாற்றம் நிகழ்ந்துவிடாது என்பது உண்மையே. ஆயினும் தேவையை அளந்து பார்க்கும் பழக்கம் இல்லத்தில் வேரூன்றினால், நாளை அவ்வில்லத்துப் பிள்ளை ஒரு தரவு மையத்தின் பொறியாளராக அமரும்போது அப்பழக்கம் ஆயிரம் சர்வர்களுக்குச் சென்று சேரும்.

வேலை செய்யாத விளக்கை அணைப்பது கஞ்சத்தனம் ஆகாது. வேலை செய்யும் விளக்கை அணைப்பது சிக்கனமும் ஆகாது. இவ்விரண்டையும் பிரித்தறிந்து நடப்பதே இத்துறை கற்பிக்கும் பாடம்.